முயல் இல்லாத பதிப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

சித்தி எழுதுகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பு அப்புறம். மனசில் ஒன்றை அடக்கி வைத்துக்கொண்டு நலம் விசாரித்தால் எனக்கு வார்த்தை சரியாக வராது.

போன வெள்ளிக்கிழமை, ஐம்பத்துமூன்று வயதான நான், ஒரு கார்ட்டூன் பார்ப்பதற்காக முதலாளிக்கு போன் போட்டு வயிற்றுப்போக்கு என்று பொய் சொன்னேன். கார்ட்டூன் என்று சொல்லக்கூடாதாம், அனிமே என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் சலவைக்கடை வேன்காரர் திருத்தினார். நான் பார்த்தது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், முதலாளி பதறிப்போய் மருந்துக் கடையில் உப்புக்கரைசல் வாங்கி அவரிடம்தான் கொடுத்தனுப்பினார். கதவைத் திறந்தது யார்? தலைக்குச் சாயம் அடித்து, கல்யாணம் காட்சிக்கென்று எடுத்து வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, கையில் சோளப்பொரிக் கிண்ணத்தோடு நான். "நோயாளி யாரும்மா?" என்றார். சோபாவில் கிடந்த உன் சித்தப்பாவைக் காட்டினேன். அவர் கிடக்கும் கோலத்துக்கு எந்த வியாதியைச் சொன்னாலும் பொருந்தும். பாவம், சாட்சிக்கு முன்னால் அந்தக் கரைசல் முழுவதையும் அவரே குடிக்க வேண்டியதாயிற்று.

சரி. உன் அம்மா எப்படி இருக்கிறாள்? தலைக்குள் வளர்ந்திருப்பதைக் கதிர் வைத்துச் சுருக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். திரையைப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து வாந்தி, போனைக் காதில் வைத்தால் இரைச்சல், அதனால் அனிமேயாக வரும் ஓடக்காரித் தொடரை நான் பார்த்துக் கடிதமாக எழுத வேண்டும், நீ வாசித்துக் காட்டுவாய். இதுதானே ஏற்பாடு. செய்கிறேன். இந்த உலகத்தில் ஓடக்காரி நாவலின் ஏழு பாகத்தையும் எனக்குச் சமமாக நேசிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். ஒவ்வொரு பாகம் வந்தபோதும் இரண்டாக வாங்கி ஒன்றை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

ஆனால் சிட்டு, ஒரு சிக்கல். படம் மோசம். சும்மா மோசம் இல்லை, புத்தகத்தை ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்து எடுத்த மாதிரி மோசம். நம் ஓடக்காரிக்கு நாற்பது வயது, இடது கால் சாய்த்து நடப்பாள், ஆற்றின் குறுக்கே ஆட்களை ஏற்றிப்போவாள், வாய் ஓயாது. ஒரு நாள் நிழல் திருட்டுப்போன அரசன் அவள் ஓடத்தில் ஏறுகிறான். இதுதானே கதை. இவர்கள் அவளைப் பதினாறு வயதுப் பெண்ணாக்கிவிட்டார்கள். கால் நேராகிவிட்டது. "கண்ணு இவ்வளவு பெருசு வச்சாங்களே, மூக்கு வைக்க இடம் பத்தலையா?" என்று உன் சித்தப்பாவே கேட்டார். போதாததற்கு ஒரு பேசும் முயல். புத்தகத்தில் எந்தப் பாகத்திலும் முயல் கிடையாது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆகவே இரண்டு தாள் வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாள் அவளுக்கு வாசிக்க. இந்த மஞ்சள் தாள், கடை ரசீதின் பின்பக்கம், உனக்கு மட்டும். வெள்ளையில் இருப்பது நான் பார்த்திருக்க வேண்டிய படம். மாற்றிப் படித்துவிடாதே.

அவள் கன்னத்தைத் தடவிக்கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் சித்தி

*

பிப்ரவரி 24

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பாவின் வயிறு இப்போது தேவலை என்று நம்புகிறேன். அம்மாவுக்குப் பத்து நாளாகத் தலைவலி குறைவு. எனக்குப் பல் செய்யும் வேலை நிறைய. கல்யாணக் காலமோ என்னவோ, ஊரில் எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிவு செய்திருக்கிறார்கள்.

வெள்ளைத் தாளை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பனியில் ஓடத்தின் முனை மட்டும் தெரிந்து, பிறகு அவள் சாய்ந்து நடக்கிற சத்தம் பலகையில் கேட்டு, அதற்கப்புறம்தான் முகம் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, காலைக் காதுல கேட்க வச்சிருக்காங்களே" என்றார். நான் பொய்யைத் தலையசைத்து ஆமோதித்தேன். பல்லையே பொய்யாகச் செய்கிறவளுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

மருத்துவரிடம் வருஷக் கடைசியில் ஒரு பயணம் போகலாமா என்று கேட்டேன். கோடை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றார். சொன்னதும் ஃபைலை மூடிவிட்டார்.

நீங்கள் ஒருமுறை வந்துவிட்டுப் போகலாம், சித்தி.

அன்புடன்,
சிட்டு

*

மார்ச் 6

என் கண்ணான சிட்டுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், முயல் உட்பட. அது இப்போது பாட்டும் பாடுகிறது.

நான்காம் அத்தியாயத்தில் அரசனின் குதிரையைக் காட்டினார்கள். குதிரை நிற்கிறது. பின்னால் மரங்கள் ஓடுகின்றன. குதிரைக்கு நாலு கால் வரைவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது, வயிற்றுக்குக் கீழே புல் வளர்த்துவிட்டார்கள். அரசவையில் கூட்டம் கைதட்டுகிற காட்சியும், சந்தையில் கூட்டம் கைதட்டுகிற காட்சியும் ஒரே காட்சி. அதே தாடிக்காரர் இரண்டு இடத்திலும் இருக்கிறார். இழவு வீட்டுக் காட்சி வரும்போது அந்தத் தாடிக்காரர் கைதட்டிவிடக்கூடாதே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். தட்டினார்.

முட்டி வலி எனக்கு. கடையில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலை போலக் குவிந்திருக்கின்றன. கல்லாவில் நான் இல்லையென்றால் முதலாளி, ஒருவருடைய கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். போன மாதம் ஒரு வக்கீல், பேண்டு வாத்தியக்காரரின் சட்டையோடு நீதிமன்றம் போனார்.

வெள்ளைத் தாளில் குதிரைக்கு நாலு காலும் கொடுத்திருக்கிறேன். ஓடத்தில் நிழல் ஏறும் இடத்தை நன்றாகவே செய்திருக்கிறேன் என்று எனக்கே தோன்றுகிறது. அரசன் அக்கரையில் நிற்கிறான், அவன் நிழல் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு ஓடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓடக்காரி அதைப் பார்த்து, "கால நீட்டி உட்காரு, உனக்கென்ன எடையா இருக்கு?" என்கிறாள்.

அக்காவைக் குளிரவிடாதே. தலையில் மெல்லிய துணியாகக் கட்டு.

சித்தி

*

மார்ச் 25

வாயாடி,

நான் சொல்லச் சொல்ல சிட்டு எழுதுறா. அவ திருத்தி எழுதினா கண்டுபிடிச்சிடுவேன், அதனால நான் பேசுற மாதிரியே வரும். நல்லா இருக்கியா? உன் முட்டி இருக்கட்டும், வாய் நல்லா இருக்கா? அது நல்லா இருந்தா நீ நல்லா இருக்கன்னு அர்த்தம்.

எனக்கு ஒண்ணும் இல்ல. முடி போயிடுச்சு. போன முடி நரைச்ச முடிதான், அதுக்கு அழுவானேன். சாப்பாட்டுல மட்டும் எல்லாம் இரும்பு வாசனை அடிக்குது. அந்தக் காலத்துல இஸ்திரி அறையில நின்னு சாப்பிடுவோமே, அதே வாசனை. நீ கைப்பக்கம், நான் காலர். நீ கதை சொல்லிக்கிட்டே கைப்பக்கத்தைக் கருக்குவ, நான் காலரால மறைச்சு மடிப்பேன்.

நீ எழுதுறத வச்சுப் பார்த்தா படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஒரே ஒரு இடத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அஞ்சாம் பாகத்துல மரணம் ஒரு ஆளு மாதிரி கோட்டு போட்டுக்கிட்டு வந்து ஓடத்துல ஏறி உட்காருமே. இவளைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கும். இவ பயப்படாம துடுப்பு போட்டுக்கிட்டே பேசிப் பேசி, பேசிப் பேசி, அதைத் தூங்க வச்சிடுவாளே. அப்புறம் ஓடத்தைத் திருப்பி, ஏறுன கரையிலயே அதை இறக்கி விட்டுட்டு வந்துடுவாளே. அந்த இடம். அதைச் சொதப்பாம காட்டுனாங்கன்னா எனக்குப் போதும். அதை மட்டும் ஒண்ணுவிடாம எழுது.

முயல் நல்லா இருக்கா?

உன் அக்கா

(சித்தி, சத்தியமாக மஞ்சள் தாளை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. சிட்டு)

*

ஏப்ரல் 4

சிட்டு,

மஞ்சள் மட்டும். வெள்ளை அடுத்த கடிதத்தில்.

நீங்கள் இருவரும் சுகமா என்று கேட்க மறந்துவிட்டேன், சுகமா? முயல் விஷயம் அவளுக்கு யார் சொன்னது? கடிதத்தைப் படித்துக்கொண்டே ஒரு டாக்டரின் வெள்ளை அங்கியை ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வியாபாரம் செய்திருக்கிறார், நன்றாக விற்றதாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முயலுக்காக இல்லை. அவள் சொன்ன இடம் புத்தகத்தில் இல்லை, சிட்டு. ஐந்தாம் பாகத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். மரணம் கோட்டு போட்டுக்கொண்டு வருவது உண்மை. ஓடத்தில் ஏறுவது உண்மை. ஓடக்காரி பேசிக்கொண்டே போவதும் உண்மை. ஆனால் மரணம் தூங்குவதில்லை. நடு ஆற்றில் அவள் கையிலிருந்து துடுப்பை மெதுவாக வாங்கிக்கொள்கிறது. அவள் பேச்சை நிறுத்தி, முதல் தடவையாகப் பயணி உட்காரும் பலகையில் போய் உட்காருகிறாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறும் ஏழும் அரசன் அவளைத் தேடுகிற கதை. இது பல்லாயிரம் பேர் படித்துப் படித்து அழுத இடம். ஏழு பாகத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய என் அக்கா இதை மாற்றிச் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

வளர்கிற அந்தச் சனியன் ஞாபகம் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டதா? மருத்துவரைக் கேள். ஒருவேளை அவளிடம் இருப்பது வேறு பதிப்போ என்றும் பார்க்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவள் நான்தானே.

ஐந்தாம் பாகம் வந்த வருஷம்தான் உன் அப்பா போன வருஷம். பதினைந்தாம் நாளே அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். பேசமாட்டாள், அழமாட்டாள், காலரை மட்டும் தேய்ப்பாள். நான் பக்கத்தில் நின்று ஓடக்காரி கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். "நான் படிச்சாச்சு. இருந்தாலும் நீ சொல்லு" என்பாள். எப்போதும் அப்படித்தான். அந்த வருஷம் என் வாய் தன்பாட்டுக்கு ஓடியது, என்ன சொன்னேன் என்று இன்று கேட்டால் ஒரு வரி ஞாபகமில்லை. அவள் படித்ததாவது அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?

உடனே பதில் போடு.

சித்தி

*

ஏப்ரல் 19

அன்புள்ள சித்திக்கு,

பயப்படாதீர்கள். இங்கே நலம் என்று எழுத முடியாது, ஆனால் நீங்கள் பயப்படுகிற விதத்தில் இல்லை.

முயலைச் சொன்னது மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் கல்லூரிப் பெண். அவளுக்கும் ஏதோ ரத்தத்தில். போனில் தொடரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் திட்டித் தீர்ப்பாளாம். ஆக, படம் எப்படி என்று அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். "அப்புறம் எதுக்கும்மா சித்தி எழுதுறதை மூணு தடவை கேட்கிற?" என்றேன். "அந்தப் பொண்ணு சொல்றது நடந்தது. இவ சொல்றதுதான் கதை" என்றார்.

ஞாபகப் பரிசோதனை செய்தார்கள். நாள், கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் சரியாகச் சொன்னார். கடைசியில் மருத்துவரைப் பார்த்து, "உங்க காலர்ல கஞ்சி கூடிப்போச்சு, கழுத்துல கோடு விழுந்திருக்கு பாருங்க" என்றார். அந்தப் பகுதிக்கு எதுவும் போகவில்லை என்று மருத்துவர் சொன்னார். போய்க்கொண்டிருப்பது வேறு பக்கம்.

இன்னொன்று. அம்மா சொல்லச் சொன்னது, வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "அந்த மரணம் தூங்குற இடத்தை மட்டும் எழுத வேணாம்னு சொல்லு. அதை நேர்ல வந்து சொல்லச் சொல்லு."

ஜன்னல் ஓரம் உங்களுக்குக் கட்டில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
சிட்டு

*

மே 8

என் சிட்டுவுக்கும் அக்காவுக்கும்,

சௌக்கியமா? தாமதத்துக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். கடையில் பெரிய சலவை இயந்திரம் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரித் துணிகள் எல்லாம் கையால் அலசவேண்டி வந்தது. நாடு விட்டு நாடு வர வேண்டிய எனக்கு, பாஸ்போர்ட்டில் படம் பழசாகிவிட்டது என்கிறார்கள். புதுப் படம் எடுக்கப் போனேன். படம் எடுக்கிறவர் சிரிக்கக்கூடாது என்றார். நான் சிரிக்கவில்லை. அப்படியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முகம் இயல்பிலேயே விதிமீறல்தானாம்.

பல்வலி வேறு. வேறு ஊரில் சிட்டு பல் செய்துகொண்டிருக்க, இங்கே எவனிடமோ வாயைத் திறப்பது துரோகம் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் சித்தப்பா தொடருக்கு அடிமையாகிவிட்டார். முயல் வராத காட்சியில் கொட்டாவி விடுகிறார். "அந்த ராஜாவை எடுத்துட்டு முயலையே கட்டிக்கச் சொல்லலாம்ல" என்கிறார். முப்பது வருஷம் மின்சார மீட்டர் பார்த்த மனிதர், எண் ஓடினால் போதும், எது ஓடுகிறது என்று கவலை கிடையாது.

இனி வெள்ளைத் தாள், மஞ்சள் தாள் என்று தனித்தனியாக வேண்டாம். குட்டு உடைந்துவிட்டதே. அக்கா, உனக்குத்தான் இது: அந்த இடம் ஜூன் முதல் வாரத்தில் வருமாம். அதைப் பார்த்துவிட்டு, கையோடு கிளம்பி வந்து சொல்கிறேன். பார்க்காமல் வந்தால் என்னத்தைச் சொல்வது? அதுவரை இந்த வார அத்தியாயத்தை வைத்துக்கொள். அரசன் ஓடக்காரியின் கிழிந்த பாயைத் தைக்கிறான். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான், அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறாள். (படத்தில் இது முயலின் சொக்காய்.)

வருவேன்.

வாயாடி

*

ஜூன் 2

அன்புள்ள சித்திக்கு,

நலமா? அம்மாவின் வலது கை நின்றுவிட்டது. இப்போது அதிக நேரம் தூக்கம்தான். விழித்திருக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறார். நேற்று என் வேலைமேசைக்கு வந்து, நான் செய்துவைத்திருந்த பல்வரிசையை இடது கையில் எடுத்துப் பார்த்து, "யாரோ இதை வச்சுக்கிட்டு ஒரு ஆப்பிளைக் கடிப்பாங்க இல்ல?" என்றார்.

மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் என்னைப் பார்க்கிறார்.

சிட்டு

*

ஜூன் 11

சிட்டு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். ஐந்தாம் பாகத்துக்கு வந்ததும், இதுவரை நடந்ததை எல்லாம் துண்டு துண்டாக மறுபடி ஓட்டி, நடுவில் முயலுக்குப் பிறந்தநாள் கொண்டாடிவிட்டார்கள். மரணம் வரவே இல்லை. அடுத்த வாரம் சுபம் போட்டுவிடுவார்களாம். வேன்காரர் காலையில் கடைக்கு வந்து, அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் பெண்சாதி போனபோது ஐந்தாம் பாகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

என் பெட்டி வாசலில் நிற்கிறது. நான்கு நாளாக நிற்கிறது. உன் சித்தப்பா இரண்டு தடவை அதில் தடுக்கிவிட்டார். இன்று காலை அவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் டாக்ஸி பிடித்து நிறுத்தினார். நான் செருப்பைத் தேடினேன். செருப்பு என் காலில்தான் இருந்தது. டாக்ஸிக்காரர் போய்விட்டார். உன் சித்தப்பா பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்த மனிதர் கிண்டல் செய்யாத முதல் நாள் இது.

நாளைக்கு வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் இருக்கட்டும், கீழே எழுதியிருப்பதை அவளுக்கு வாசி. மெதுவாக வாசி. நீ பல்லுக்கு அளவு சொல்கிற குரலில் வாசிக்காதே.

*

அக்கா,

பனி. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கரையில் ஒரு ஆள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். நல்ல கோட்டு, ஆனால் தேய்க்காத கோட்டு. ஓடக்காரி பார்த்ததும் தெரிந்துகொள்கிறாள். "ஏறுங்க. யாரையோ கூப்பிட வந்தீங்களாக்கும்?" என்கிறாள். அவர் தலையசைத்து, பயணிகள் பலகையில் உட்காருகிறார். ஓடம் கொஞ்சம்கூட அமிழவில்லை.

அவள் துடுப்பைப் போடுகிறாள். பேச ஆரம்பிக்கிறாள். முதலில் அவர் கோட்டைப் பற்றி. தோளில் தேய்ப்பதற்கு முன்னால் ஈரத்துணி போட வேண்டும், காலரை நுனியிலிருந்து உள்ளே தேய்க்க வேண்டும், வெளியே தேய்த்தால் சுருங்கும், இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்கிறாள். பிறகு தன்னோடு வேலை பார்த்தவளைப் பற்றி. அவள் காலரைத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், வாய் பேசமாட்டாள், ஆனால் பக்கத்தில் ஒருத்தி துணியைக் கருக்கிவிட்டால் யாருக்கும் தெரியாமல் மடித்துவைப்பாள், எத்தனை சட்டை அப்படி மடித்தாளோ கணக்கே இல்லை என்கிறாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லா இடத்திலும் அவர் போனவுடன் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவர்கூட அவரிடம் இப்படி வாய் ஓயாமல் பேசியதில்லை. கண் செருகுகிறது. விழித்துக்கொள்ளப் பார்க்கிறார். அவள் பக்கத்து வீட்டுச் சண்டையை ஆரம்பிக்கிறாள். அதில் யார் யாருடைய கொடியில் துணி காயப்போட்டார்கள் என்பதற்குள் அவர் தலை சாய்ந்துவிடுகிறது. வாய் திறந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சோபாவில் தூங்குகிற மாதிரியே.

அவள் சத்தம் வராமல் ஓடத்தைத் திருப்புகிறாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்வார். ஏறின கரையில் ஓடத்தை ஒட்டி, அவரை அணைத்துப் பிடித்து இறக்கி, மரத்தடியில் சாய்த்து, கோட்டைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறாள். காலரை ஒருமுறை நேராக்குகிறாள். பிறகு, இன்னும் பேசிக்கொண்டே, பின்பக்கமாகவே நடந்து ஓடத்துக்கு வருகிறாள்.

சரியாகச் சொல்லிவிட்டேனா?

வாயாடி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள சிட்டுவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் சித்தப்பாவுக்கு இருமல், எனக்கு ஒன்றுமில்லை. நீ சாப்பிடுகிறாயா? நாங்கள் இருந்த நாட்களில் நீ சாப்பிட்ட மாதிரி நடித்தாய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தவள் என்று அங்கே வந்த சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. உன் ஒன்றுவிட்ட மாமா, "உயிரோட இருக்கும்போது எட்டிப் பார்க்காதவங்கதான் இப்ப முன்வரிசையில உட்காருறாங்க" என்றார். நியாயம். நான் முன்வரிசையில் உட்காரவில்லை என்பது மட்டும் திருத்தம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் இருந்தவரை பத்து வார்த்தை பேசியிருப்பேனா? உன் சித்தப்பா பயந்துபோய், எனக்கு ஏதாவது பக்கவாதமா என்று வேன்காரருக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். வைத்தியம் கேட்க அவருக்குக் கிடைத்த ஆள் அது.

முதலாளி கல்லாவை எனக்காக வைத்திருந்தார். தொடர் முடிந்துவிட்டது. இரண்டாம் வருஷமும் எடுக்கப்போகிறார்களாம், முயலை மட்டும் வைத்து.

அங்கே இருக்கும்போது நான் கேட்காத கேள்வி இரண்டு. நேரில் கேட்க வாய் வரவில்லை, எழுத்தில் எனக்குத் தைரியம் அதிகம் என்று உனக்குத் தெரியும். முதலாவது, என் கடைசிக் கடிதம் அவள் இருக்கும்போதே வந்ததா? இரண்டாவது, அக்காவின் ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லு. மரணம் தூங்குகிற இடம் அவள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அச்சில் ஏதாவது வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். ஞாபகம் சரியாக இருந்தவள் இல்லாததைச் சொல்லமாட்டாள். ஏழு பாகத்தையும் என்னைவிட ஆழமாகப் படித்தவள் அவள். அந்த இடத்தை ஒருமுறை என் கண்ணால் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணம்மா.

சித்தி

*

செப்டம்பர் 3

அன்புள்ள சித்திக்கு,

இங்கே நான் நலம். சாப்பிடுகிறேன். சித்தப்பாவின் இருமலுக்கு வேன்காரரைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கடிதம் வந்தது. அம்மா விழித்திருந்த ஒரு மத்தியானம் வாசித்தேன். அளவு சொல்கிற குரலில் வாசிக்கவில்லை, முடிந்தவரை உங்களைப் போல வாசித்தேன். காலரை நுனியிலிருந்து உள்ளே தேய்க்க வேண்டும் என்ற இடத்தில் சிரித்தார். சட்டைகளை மடித்து வைத்ததைப் பற்றிய இடத்தில், "இதைச் சொல்லவா இத்தனை நாளு" என்றார். கோட்டுக்காரருக்குக் கண் செருகுகிற இடத்துக்கு வந்தபோது, நிமிர்ந்து பார்த்தேன், அம்மா தூங்கியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மிச்சத்தை எழுந்தபிறகு வாசிக்கலாம் என்று தாளை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கப்புறம் எழவில்லை.

மிச்சத்தை மறுநாள் நான் சத்தமாக வாசித்தேன். வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள்மேல் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை.

அன்புடன்,
சிட்டு

பின்குறிப்பு: அம்மாவின் அலமாரியில் ஏழு பாகமும் வரிசையாக, தூசி இல்லாமல் இருக்கின்றன. நீங்கள் கேட்ட பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. முதல் பாகத்தில் முப்பதாவது பக்கத்தில் ஒரு சலவை ரசீது அடையாளமாக இருக்கிறது. மற்ற ஆறும் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.